பெட்டி உடைக்காத போன்

வவுனியா
03.06.2024

அன்புள்ள சுதாவுக்கு,

நீரும் பிள்ளையும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். யதுசா நல்லாயிருக்கிறாள் என்று நேற்று உம்முடைய அண்ணா போனில் சொன்னார். நீர் எப்படி இருக்கிறீர் என்று கேட்டேன். "அவள் இருக்கிறாள்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது போல.

மச்சானின் போனுக்கு எடுத்தால் அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் உம்மிடம் தருகிறார். நீர் "ம்" என்கிறீர். பின்னால் தட்டுக் கழுவும் சத்தம், கதிரை இழுக்கும் சத்தம், அவருடைய மனைவி, உம்முடைய மச்சாள், தண்ணீர் குடிக்கும் சத்தம்கூடக் கேட்கிறது. அத்தனை பேருக்கு முன்னால் புருசன் பெண்சாதி என்ன கதைக்கிறது? அதனால்தான் பிரெயிலில் எழுதுகிறேன். இந்தப் புள்ளிகளை அந்த வீட்டில் உம்மைத் தவிர ஒருவராலும் வாசிக்க ஏலாது. எங்கள் கடிதத்துக்கு முத்திரையும் தேவையில்லை. அரசாங்கம் எங்களுக்குச் செய்யும் ஒரே உபகாரத்தை வீணாக்குவானேன்.

போகும்போது நீர் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஆகவே நடந்ததை நான் எழுதி வைக்கிறேன். காய்ச்சல் மருந்துப் போத்தலில் ஒரு றப்பர் வளையம், சளி மருந்துப் போத்தலில் வளையம் இல்லை. அதுதான் எங்களுடைய ஏற்பாடு. இந்த வெயிலுக்கு வளையம் இற்று அறுந்து போனது எனக்குத் தெரியாது. இரண்டு போத்தலும் ஒரே அளவு. எங்களிடம் இருக்கிற ஒரே பழைய போனை எழுத்துக்கு நேரே பிடித்தேன். டேட்டா முடிந்து கிடந்ததால் எழுத்தை வாசித்துச் சொல்லும் செயலி வாய் திறக்கவில்லை. நீர் குளித்துக்கொண்டிருந்தீர். பிள்ளைக்குக் கொதித்தது. கைக்கு வந்ததைக் கொடுத்தேன். காய்ச்சல் மருந்தின் அளவுக்குச் சளி மருந்து போய்விட்டது. பிள்ளை எழும்பாமல் தூங்கியதும் ஆஸ்பத்திரியில் இருந்ததும் உமக்குத் தெரியும். வாசலில் வைத்து மச்சான், "கண் தெரியாத ரெண்டு பேரிட்டைப் பிள்ளையை விட்டது எங்கடை பிழை" என்றார். அங்கிருந்தே உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். ஒரு நல்ல போன் வாங்கினால் நீங்கள் இரண்டு பேரும் திரும்பி வரலாம் என்று நினைக்கிறேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள போன் கடைக்கு மூன்று முறை போய்விட்டேன். கடைக்காரர் இப்போது என் தடிச் சத்தம் கேட்டவுடனேயே கதிரை இழுத்துப் போடுகிறார். புது அன்ட்ரொயிட் ஒன்று நாற்பதாயிரத்துக்குள் முடியும். பாவித்த ஐபோன் ஒரு லட்சத்துக்கு மேலே. ஆனால் ஐபோன் டேட்டா இல்லாமலே எழுத்தை வாசிக்கிறது. நான் என் கையால் பிடித்துப் பார்த்தேன். சம்பளத்தில் கழிக்கும்படி கந்தோரில் கடன் போட்டால் வாங்கலாம். எதை வாங்க? நீர் சொல்லும்.

அனோஜன்


ஸ்கந்தபுரம்
11.06.2024

அனோஜனுக்கு,

கடிதம் கிடைத்தது. கலண்டர் தாளில் எழுதுகிறேன். புள்ளி குத்தத் தடித்த தாள் இங்கே வேறு இல்லை.

யதுசா சாப்பிடுகிறாள். கோழிக்குஞ்சுக்குப் பின்னால் ஓடுகிறாள். "அப்பா?" என்று ஒரு தரம் கேட்டாள். வேலைக்குப் போயிருக்கிறீர்கள் என்று சொன்னேன். பிறகு கேட்கவில்லை.

நான் உங்களோடு கதைக்காமல் வந்தது கோபத்தில் என்று நினைக்கிறீர்கள். கோபம் இல்லை. கோபம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது எனக்குள்ளே ஏதோ விறைத்துப் போனது. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட மாதிரி. ஊசி இன்னும் விடவில்லை. சாப்பாடு சாப்பாடாக இருக்கிறது. நாள் போகிறது.

இங்கே எல்லாரும் நல்லவர்கள். அண்ணா அறை வாசலில் இருந்து கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் நைலோன் கயிறு கட்டியிருக்கிறார். இந்த வளவில் பிறந்து வளர்ந்தவள் நான். பதினாறு வயது வரை இதே வளவைக் கண்ணால் பார்த்தவள். கயிறு இல்லாமல் எனக்குப் போகத் தெரியும். ஆனாலும் அண்ணா பார்க்கும்போது பிடித்துக்கொண்டு போகிறேன். பிடிக்காவிட்டால் அவர் முகம் வாடும் என்று மச்சாள் சொன்னார்.

போன் வாங்க வேண்டாம். கடனும் போட வேண்டாம். மச்சாளின் தம்பி சுவிசில் இருந்து தான் பாவித்த ஐபோன் ஒன்றை ஆளிடம் கொடுத்துவிடுகிறாராம். எனக்குத்தான். அண்ணா கேட்டு எடுப்பித்திருக்கிறார்.

சுதாஜினி


வவுனியா
17.06.2024

அன்புள்ள சுதாவுக்கு,

லட்ச ரூபாய்ச் சாமான் சும்மா வருகிறது, நீர் அதைக் கடிதத்தின் கடைசியில் உப்புப் போட மறந்தேன் என்கிற மாதிரி எழுதுகிறீர். நான் இங்கே கந்தோரில், போன் எடுக்கிற கதிரையில் இருந்து சிரித்துவிட்டேன். லைனில் நின்றவர் "ஹலோ, ஹலோ" என்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தார்.

வாங்கும். கட்டாயம் வாங்கும். அதில் என்னென்ன இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டு வந்திருக்கிறேன். காசுத் தாளைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும் செயலி போடலாம். லைட் எரிகிறதா இல்லையா என்று சத்தம் வைத்துக் காட்டும். உடுப்பின் நிறம் சொல்லும். கமெராவைப் பிடித்தால் முன்னால் என்ன நிற்கிறது என்று சொல்லும். இப்போது அதில் தமிழ்க் குரலும் இருக்கிறது. அன்ட்ரொயிட்டிலும் இதெல்லாம் உண்டு. ஆனால் விலை குறைந்ததில் கொஞ்சம் யோசித்து யோசித்துத்தான் சொல்லும், எங்கள் கந்தோர் லிகிதர் மாதிரி.

போத்தல் எழுத்தை வாசிக்க நீர் நல்லாகப் பழகிக்கொள்ளும். மச்சானுக்கு முன்னாலேயே வாசித்துக் காட்டும். அவர் தன் காதால் கேட்டால் மனம் மாறுவார். அவர் வாங்கித் தந்த போனாலேயே அவர் வாயை அடைக்கலாம் என்று எழுத வந்தேன். அது சரியில்லை. நல்ல மனுசன். நான்தான் உமக்கு வாங்கித் தந்திருக்க வேண்டும். அது கொஞ்சம் சுடுகிறது, சொல்லாமல் விட்டால் பொய்.

வீட்டில் உம்முடைய சீப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் ஒன்றையும் அரக்கவில்லை.

அனோஜன்


ஸ்கந்தபுரம்
28.06.2024

அனோஜனுக்கு,

போன் வந்துவிட்டது. கனமாக, குளிராக இருக்கிறது. குரல் நல்லது. பழைய போனின் குரல் உங்களுக்குத் தெரியும். மரண அறிவித்தலையும் போனுக்குக் காசு போடும் றீலோட் விளம்பரத்தையும் ஒரே மாதிரி வாசிக்கும். இது பெண் குரல், மூச்சு விட்டு வாசிக்கிறது. எனக்கு ஏனோ பழையதுதான் காதில் நிற்கிறது. இப்போது நானும் அப்படித்தான் கதைக்கிறேன் போல. மச்சாள் ஒரு நாள், "என்ன சுதா, ரேடியோ மாதிரிக் கதைக்கிறாய்?" என்றார்.

அண்ணா தன்னுடைய கணக்கைப் போட்டுத்தான் போனைத் திறந்திருக்கிறார். சுவிசில் இருந்து மச்சாளின் தம்பி வீடியோவில் சொல்லச் சொல்ல, பின்னேரம் முழுக்க இருந்து செய்தார். வியர்த்து ஒழுகியது. பாவமாக இருந்தது. ஆகவே இது என் கையில் இருக்கிற அண்ணாவின் போன். ஒரு செயலி இறக்குவதென்றால் அண்ணாவின் பாஸ்வேர்ட் வேண்டும். அண்ணா சிறுபோக வயலுக்குக் காலையில் போனால் இருட்டினபிறகுதான் வருவார். எழுத்து வாசிக்கும் செயலி போட்டுத் தந்தார். காசுத் தாள் வாசிக்கும் செயலி கேட்டேன்.

"உனக்கேன் அது? காசு பாக்க நாங்கள் இல்லையே?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். நான் சரி என்றேன்.

இன்னொன்றும் சொன்னார். "நீ எங்கை நிண்டாலும் என்ரை போனிலை எனக்குக் காட்டும். இனி எனக்குப் பயமில்லை." நான் எங்கே நிற்கிறேன்? கிணற்றடியில் நிற்கிறேன், இல்லையென்றால் அறைக்குள் நிற்கிறேன்.

என்னுடைய ஹெட்செட் இதற்குப் பொருந்தாது. வயர் குத்துகிற வட்ட ஓட்டை இதில் இல்லை. இதற்கென்று வேறு ஹெட்செட் வாங்க வேண்டுமாம், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதனால் போன் எதை வாசித்தாலும் வீடு முழுக்கக் கேட்கிறது. நீங்கள் மெசேஜ் அனுப்ப வேண்டாம். ஒன்று அனுப்பினீர்கள். "உமது தலையணையில் படுக்கிறேன்" என்று அந்தப் பெண் குரல் குசினியில் வைத்து வாசித்தது. மச்சாள் அகப்பையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு வெட்கம்கூட வரவில்லை.

கடிதமே எழுதுங்கள்.

சுதாஜினி


வவுனியா
05.07.2024

சுதாவுக்கு,

தலையணை விசயத்துக்கு மன்னிக்க வேண்டும். இனி உமது மச்சாளின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று யோசித்தேன். பிறகு, முழிக்கிற வேலையே எனக்கு இல்லையே என்று ஆறுதல் பட்டேன்.

கணக்கு யாருடையதாக இருந்தால் என்ன? போன் வேலை செய்கிறதல்லவா. நீர் வீண் கரைச்சல் படாமல் அதைப் பழகும். நாற்பதாயிரத்துக்கு நான் வாங்கித் தருவதை விட அது நல்லது. நல்லதை வைத்துக்கொண்டு குறை சொல்லாதேயும்.

இதை எழுதிப்போட்டு மூன்று நாள் தாளைத் தொடவில்லை. இப்போது மிச்சத்தை எழுதுகிறேன்.

போன கிழமை மச்சானுக்கு எடுத்து, எப்போது உங்களைக் கூட்டி வரலாம் என்று கேட்டேன். "பிள்ளை கொஞ்சம் வளரட்டும் அனோஜன். வாய் திறந்து நோகுது எண்டு சொல்லிற வயசு வரட்டும். ஒரு வருசம் போகட்டும்" என்றார். நீங்கள் சொல்வது சரிதான் என்றேன். உண்மையாகவே சரி என்று பட்டது, அதுதான் பயமாக இருக்கிறது.

அன்றைக்கே இரண்டு மருந்துப் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு போன் கடைக்குப் போனேன். ஐபோனையும் அன்ட்ரொயிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிடித்தேன். அச்சடித்த எழுத்தை இரண்டும் வாசித்தன. மேலே ஒட்டியிருந்த தாளில் மருந்தாளர் கையால் எழுதியதை இரண்டும் வாசிக்கவில்லை. கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது எனக்கும் விளங்கேல்லை" என்றார். ஒரு லட்சம், நாற்பதாயிரம், ஒரு சோடிக் கண், மூன்றும் தோற்றுப்போய் நின்றன. நாலாவதாக நானும்.

வீட்டுக்கு வந்து லைட் போடாமல் இருந்தேன். எனக்கு லைட் எதற்கு? நீர் இருக்கும்போது போடுவோம். வெளியே போகிறவர்கள் ஆளிருக்கிறது என்று அறியட்டும் என்பீர். இப்போது போடுவதில்லை.

மச்சான் சொன்னபடி ஒரு வருசம் அங்கேயே இரும். நான் மாதம் ஒரு முறை வந்து பார்க்கிறேன்.

அனோஜன்


ஸ்கந்தபுரம்
18.07.2024

அனோஜனுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு முறைதான் வாசித்தேன். அதற்குப் பதில் எழுதாமல் இருந்திருப்பேன். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. அதை முதலில் எழுதுகிறேன். பயப்படாதீர்கள், பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

யதுசாவுக்குச் சாதுவான காய்ச்சல். நான் அவளை மடியில் வைத்திருந்தேன். மருந்து கொடுக்கும் வேலையை மச்சாள் எனக்குத் தருவதில்லை. ஊற்றிக்கொண்டு வந்து பருக்கினார். அரைக் கரண்டி உள்ளே போனது. மிச்சத்தைப் பிள்ளை என் கையில் துப்பினாள். நான் மணந்து பார்த்தேன்.

"மச்சாள், எந்தப் போத்தல் எடுத்தனீங்கள்?"

"காய்ச்சல் மருந்துதான்."

"அது தோடம்பழம் மணக்கும். இதிலை அந்த மணம் இல்லை."

மச்சாள் குசினிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஐயோ, ஓமடி. சளி மருந்து. நான் ரீவியைப் பாத்துக்கொண்டே எடுத்திட்டன்" என்று சிரித்தார். அரைக் கரண்டிதான் என்பதால் பிள்ளைக்கு ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சம் தூங்கி எழும்பிக் கோழிக்குஞ்சைத் தேடினாள்.

மச்சாளில் எனக்குக் கோபம் இல்லை. எனக்கும் கண் இருந்தது. கண் இருந்தபோது நானும் போத்தலைப் பார்த்து எடுத்ததில்லை. அது வழக்கமாக எங்கே நிற்குமோ அங்கே கை போகும், அவ்வளவுதான். நீங்கள் பிறவியிலேயே காணாதவர் என்பதால், கண் தெரிந்தவர்கள் எந்த நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை.

இரவுச் சாப்பாட்டில் மச்சாள் இதை ஒரு பகிடி மாதிரி அண்ணாவுக்குச் சொன்னார். அண்ணாவும் சிரித்தார். "ஆருக்கும் நடக்கிறதுதானே" என்றார்.

நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. அந்த வசனம் என் தட்டுக்குள் விழுந்து கிடந்தது. மே மாதம் ஆஸ்பத்திரி வாசலில் அவர் அந்த வசனத்தை உங்களுக்குச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஒருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடவும் இல்லை.

"அண்ணா, அண்டைக்கு நீங்கள் இப்பிடிச் சொல்லேல்லை" என்றேன்.

ரீவியை யாரோ நிற்பாட்டினார்கள். அண்ணா எழும்பிப் போய்க் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார். மச்சாள் என் முதுகில் கையை வைத்தார். எனக்குக் கோபம் வந்தது, அனோஜன். காது சுட்டது. ஊசி விட்டுவிட்டது. நோகிறது. நொந்தாலும் நல்லாயிருக்கிறது.

அண்ணா அடுத்த நாள் வயலுக்குப் போகவில்லை. வாசலில் வந்து நின்றார். நான் போனைத் துடைத்து, சார்ஜரைச் சுற்றி, அவர் கையில் கொடுத்தேன்.

"இதை வைச்சிரு. நீ எங்கை நிக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். குரல் உடைந்திருந்தது.

"நான் வவுனியாவிலை நிப்பன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே அண்ணா" என்றேன்.

அவர் அழுதார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. பதினாறு வயதில், என் கண் போன அன்று, என்னைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். இன்னும் இறக்கி வைக்கவில்லை.

இப்போது உங்களுக்கு. மாதம் ஒரு முறை வந்து பார்க்கிறேன் என்று எழுதினீர்கள். நான் என்ன, ஆஸ்பத்திரியில் கிடக்கிறேனா? ஒரு வருசம் இரும் என்று என்னைக் கேட்காமல் அண்ணாவுக்கு ஓம் சொல்லிவிட்டீர்கள். நீங்கள் இரண்டு பேரும் எனக்கு ஒரே பாஸ்வேர்ட்தான் வைத்திருக்கிறீர்கள் போல. அதற்கும் எனக்குக் கோபம்தான். அங்கே வந்து சண்டை பிடிக்கிறேன். இந்தத் தாளில் இடம் இல்லை.

போனைப் பற்றி முதல் கடிதத்தில் கேட்டீர்கள். இதுதான் பதில். ஐபோன் நல்ல போன், அதில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அந்த நாற்பதாயிரத்து அன்ட்ரொயிட்டை வாங்குங்கள். வட்ட ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். பழைய போனின் அதே குரலைப் போடலாம். விழுந்து உடைந்தால் வவுனியாவில் எந்தக் கடையிலும் கண்ணாடி மாற்றலாம். அது யோசித்து யோசித்துச் சொல்லட்டும், எனக்கு அவசரம் இல்லை. போத்தலை நாங்கள் மணந்தும் தடவியும் பார்ப்போம். அதற்குப் பிறகும் பிழை வரலாம். வந்தால் அது என்னுடைய வீட்டில் நான் விடுகிற பிழையாக இருக்கட்டும்.

26ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். அண்ணா கிளிநொச்சி வரை வந்து ஏற்றிவிடுவார். வவுனியா வரை வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

லைட்டைப் போட்டு வையுங்கள்.

சுதா


வவுனியா
23.07.2024

அன்புள்ள சுதாவுக்கு,

கடிதம் வந்த அன்றே கடைக்குப் போனேன். உம்மைக் கேட்காமல் ஓம் சொன்னது பிழைதான். மிச்சத்தை நீர் வந்து நேரில் ஏசும், வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

றப்பர் வளையத்தை இனி நம்ப மாட்டேன். பழைய சைக்கிள் ரியூப் ஒன்று எடுத்துப் பட்டையாக வெட்டி வைத்திருக்கிறேன். வெயிலுக்கு இற்றுப் போகாது. பல்லால் கடித்தும் பார்த்தேன். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு இரண்டு. வளையம் இல்லாத போத்தலை இனி எங்கள் வீட்டில் ஒருவரும் திறப்பதில்லை.

போன் முப்பத்தெட்டாயிரத்துக்கு முடிந்தது. வட்ட ஓட்டை இருக்கிறது, கடையில் திறந்து வைத்திருக்கிற போனில் தடவிப் பார்த்தேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்து எல்லாம் செய்து தருகிறேன் என்றார். "ஆற்றை பேரிலை கணக்குத் திறக்க, அண்ணை? உங்கடை பேரிலையே போடுவமோ?" என்று கேட்டார். இரண்டு மாதமாக என்னைச் சகித்தவர், ஒரு உதவி செய்யத்தான் கேட்டார்.

நான் பெட்டியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மேசையில், உமது சீப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுற்றியிருக்கிற பிளாஸ்ரிக்கைக்கூடக் கிழிக்கவில்லை.

அனோஜன்